வசனம் தாயத்து இல்லை: மலைவீடுகளில் ஆவிக்குரிய போராட்டம்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் விசுவாசிகளின் வீட்டுக்கு ஜெபிக்கப் போனால் பெரும்பாலும் மூன்று இடங்களில் வேதவசனம் இருக்கும். வாசற்படிக்கு மேலே "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்". காலண்டரில் அந்த வருஷத்து வாக்குத்தத்தம். படுக்கையறையில், தலையணைக்கு அடியில், வேதாகமமே. கெட்ட கனவு கண்டு அலறுகிற பிள்ளையின் தலைமாட்டில் வேதாகமத்தை வைத்து, "இனி ஒண்ணும் அண்டாது, தூங்கு சாமி" என்று போர்வையை இழுத்துவிடுகிற தாயின் அன்பில் குறை இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையே நாளைக்கு, "பக்கத்து வீட்டுப் பையன் கையில கறுப்புக் கயிறு கட்டியிருக்கான், நாம புஸ்தகம் வெச்சிருக்கோம், ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்று கேட்டால்? திறக்காத வேதாகமத்தைப் பொறுத்தவரை, வித்தியாசம் ஒன்றும் இல்லை.

இதை வேதாகமமே சொல்லியிருக்கிறது. 1 சாமுவேல் 4-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் பெலிஸ்தரிடம் முதல் நாள் தோற்கிறார்கள். ஏறக்குறைய நாலாயிரம் பேர் விழுகிறார்கள். கர்த்தர் ஏன் நம்மை முறிய அடித்தார் என்று மூப்பர்கள் சரியான கேள்வியைத்தான் கேட்டார்கள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிவந்தார்கள். பெட்டி பாளயத்துக்குள் வந்ததும் பூமி அதிர ஆர்ப்பரித்தார்கள். அந்தச் சண்டையில் முப்பதினாயிரம் காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியும் பிடிபட்டது. பத்துக் கட்டளை எழுதிய பலகைகள் அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருந்தன. வார்த்தை பக்கத்தில் இருந்தது, கீழ்ப்படிதல் இல்லை.

வீட்டு ஜெபக்குழு நடத்துகிறவர்களும், ராத்திரி பத்து மணிக்கு "கொஞ்சம் வந்து ஜெபம் பண்ணுங்கய்யா" என்று போன் வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களும் கையில் வைத்திருக்க வேண்டிய விஷயங்களை இங்கே எழுதுகிறோம். நாங்கள் திரும்பத் திரும்பக் காண்கிற பிழை ஒன்றுதான்: வசனத்தைப் பட்டயமாகப் பிடிக்காமல் தாயத்தாகக் கட்டிக்கொள்வது. யாக்கோபு 4:7-இல் "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், அப்பொழுது அவன் உங்களை விட்டு ஓடிப்போவான்" என்ற பாதி எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு முன்னால் நிற்கிற "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்ற பாதி பல ஜெபங்களில் வருவதே இல்லை. முதல் பாதியை விட்டவர்களுக்கு இரண்டாவது பாதியை நம்பி நிற்க இடம் இல்லை.

எபேசியர் 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நம் சபைகளில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு 1871-இல் வெளிவந்தது. அந்தத் தமிழ் இன்றைய பிள்ளைகளுக்குப் பாதி எட்டாது. கச்சை என்றால் இடுப்பில் இறுக்கிக் கட்டுகிற பட்டை. தலைச்சீரா என்றால் போர்வீரன் அணிகிற தலைக்கவசம். "துரைத்தனங்களோடும்" என்று வாசித்தால் எஸ்டேட் லயத்தில் வளர்கிற பிள்ளைக்கு பங்களாவில் இருக்கிற துரைதான் நினைவுக்கு வருவார். அதைச் சிரித்துக் கடந்துவிடாமல், அங்கேயே நிறுத்தி, இது மனிதரைச் சொல்லவில்லை, கண்ணுக்குத் தெரியாத ஆளுகைகளைச் சொல்கிறது என்று விளக்க வேண்டும். ஏனென்றால் அந்த 12-ஆம் வசனத்தின் உயிரே "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்பதில் இருக்கிறது. புரியாத சொல்லை மந்திரம்போல உச்சரித்தால் அது மந்திரமாகவே போய்விடும்.

அதே பகுதியில் தமிழ் வாசகருக்குக் கிடைக்கிற ஒரு நன்மை உண்டு. 14, 15, 16 வசனங்களில் கச்சை, மார்க்கவசம், பாதரட்சை, கேடகம் என்று ஒவ்வொன்றும் "-ஆயும், -ஆயும்" என்று தொங்கிக்கொண்டே வந்து, கடைசியில் "நில்லுங்கள்" என்ற ஒரே வினையில் இறங்குகிறது. கவசம் எல்லாம் அந்த நிற்பதற்காக. பாதியில் நிறுத்தி வாசிக்காதீர்கள். 17-ஆம் வசனத்தில் வருகிற பட்டயத்துக்குப் பவுல் எழுதிய கிரேக்கச் சொல் குறுகிய வாளைக் குறிக்கும். எதிரி கை எட்டும் தூரத்தில் வந்தபின் உதவுவது அது. தேவவசனம் என்கிற இடத்தில் அவர் எழுதிய சொல், வாயால் சொல்லப்படும் வார்த்தையைக் குறிப்பது. ஆகவே அலமாரியில் உள்ள வேதாகமத்தின் 66 புத்தகங்களும் தானாகப் பட்டயம் ஆகிவிடுவதில்லை. அந்த நேரத்துக்குரிய வசனம், புரிந்து, வாயில் வரவேண்டும்.

இயேசு வனாந்தரத்தில் செய்தது இதைத்தான். மத்தேயு 4-இல் மூன்று சோதனைகள், மூன்று பதில்கள். மூன்றும் உபாகமத்திலிருந்து: 8:3, 6:16, 6:13. இரண்டு அதிகாரங்களுக்குள்ளேயே மூன்று பதிலும் அடங்கிவிட்டன. அந்த அதிகாரங்கள் எதைப் பற்றியவை? இஸ்ரவேலர் நாற்பது வருஷம் வனாந்தரத்தில் பசியிலும் முறுமுறுப்பிலும் கற்றதைப் பற்றியவை. நாற்பது நாள் பசித்திருந்தவர், தாம் நின்ற இடத்துக்குப் பொருந்துகிற பகுதியை எடுத்தார். அப்பத்தைப் பற்றிய சோதனைக்கு அப்பத்தைப் பற்றிய வசனம். சத்தம் போட்டதாகவோ நூறு முறை திருப்பிச் சொன்னதாகவோ எழுதப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம், அதோடு அந்த வசனத்தின்படி நின்றார்.

சாத்தானும் வசனம் சொன்னான் என்பதை நாம் போதுமான அளவு யோசிப்பதில்லை. அவன் எடுத்தது சங்கீதம் 91:11, 12. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்றான். "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொற்களை விட்டுவிட்டான். தேவன் காட்டிய வழியில் நடக்கிறவனுக்குச் சொன்னதை, தானாக எடுத்துக் குதிக்கிறவனுக்குப் பொருத்தினான். அடுத்த வசனமான 13, வலுசர்ப்பத்தை மிதித்துப்போடுவாய் என்கிறது. அதையும் அவன் தொடவில்லை. இயேசு சங்கீதத்தை மறுக்கவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே" என்றார். வசனத்துக்கு வசனம்தான் அளவுகோல்.

மலையில் இது வெறும் பாடம் இல்லை. முழு இரவு ஜெபம் முடிந்து விடியற்காலை இரண்டு மணிக்குத் தேயிலைக்காட்டு ஒற்றையடிப் பாதையில் தனியாகக் கிளம்புகிறவர்கள், "சிங்கத்தின்மேலும் விரியன்பாம்பின்மேலும் நடப்பாய்னு எழுதியிருக்கே" என்பார்கள். கோத்தகிரி, குன்னூர் தோட்டங்களில் கரடியும் காட்டெருமையும், கூடலூர், பந்தலூரில் யானையும் அந்த நேரத்தில்தான் நடமாடுகின்றன. விடியும் வரை சபையிலேயே படுத்திருங்கள், அல்லது ஜீப் வைத்துக் கூட்டமாகப் போங்கள். முடியாவிட்டால் ஜெபத்தை ஒன்பது மணிக்கு முடியுங்கள். மழைக்காலத்திலும் இதே கதைதான். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. "பூமி நிலைமாறினாலும், மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும்" என்கிற 46-ஆம் சங்கீதம் அப்படிப்பட்ட இரவுக்கு ஏற்றதுதான். ஆனால் வருவாய்த்துறையினர் வந்து முகாமுக்குப் போகச் சொன்னால், அந்தச் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டே முகாமுக்குப் போக வேண்டும்.

வசனத்தின் முன்னும் பின்னும் வாசிக்கிற பழக்கம் இல்லாததுதான் நம்மிடம் பெரிய ஓட்டை. வருஷப்பிறப்பு ஆராதனையில் தட்டில் வைத்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுக்கிறோம். எரேமியா 29:11 வருகிறது: "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". வருஷம் முழுக்க அதைப் பிடித்துக்கொள்கிறோம். மார்ச்சில் வேலை போகிறது, ஜூனில் ஆஸ்பத்திரி. அப்போது அந்த வசனமே எதிரியின் கையில் ஆயுதம் ஆகிவிடும்: "உன் தேவன் சொன்னது என்ன ஆச்சு?" அட்டையில் இல்லாத 10-ஆம் வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைப்பிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று சொன்ன பிறகு வருகிற வாக்கு. அந்த முழு அதிகாரத்தையும் வாசித்தவரை மார்ச் மாதத்தால் வீழ்த்த முடியாது. அட்டை எடுக்கிற வழக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. எடுத்த அன்றைக்கே அதிகாரத்தை முழுவதும் வாசித்து, யார் யாருக்குச் சொன்னது, எப்போது சொன்னது என்று அட்டையின் பின்னால் இரண்டு வரி எழுதுங்கள்.

பிலிப்பியர் 4:19-உம் அப்படித்தான். பசுந்தேயிலை விலை விழுந்து, நகை அடகில் இருக்கும்போது "உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்" என்பதைப் பிடித்துக்கொள்ளாத சிறுவிவசாயி இல்லை. அதே அதிகாரத்தின் 11, 12 வசனங்களில் பவுல் தாழ்ந்திருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறார். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது கால் நடுங்காது.

மலைவாசிகளுக்குப் பிடித்த 121-ஆம் சங்கீதத்தையும் சொல்லிவிடுகிறோம். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்ற முதல் வசனத்தை மட்டும் சுவரில் எழுதி, பின்னால் தொட்டபெட்டாவையோ கொடைக்கானலையோ படமாகப் போடுகிறோம். பர்வதம் ஒத்தாசை செய்யாது. பல மொழிபெயர்ப்புகளில் அந்த இடம் கேள்வியாக இருக்கிறது: எங்கிருந்து எனக்கு ஒத்தாசை வரும்? பதில் இரண்டாம் வசனத்தில்: வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து. சுவரில் எழுதுவதானால் இரண்டு வசனமும் எழுதுங்கள்.

இனி மனப்பாடம். இதைப் பலர் பிள்ளைகளின் ஓய்வுநாள் பள்ளிக்கு விட்டுவிடுகிறார்கள். ஆபத்து வேளையில் போனில் தேடலாம் என்பவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்டும் டவரும் இல்லாத கூடலூரை நினைவூட்டினால் போதும்.

வாரத்துக்கு ஒரு வசனம். அதற்கு மேல் வேண்டாம். உற்சாகத்தில் முப்பது வசனம் எழுதி ஆரம்பிக்கிறவர்கள் மூன்றாவது வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப்பக்கத்தை உள்ளங்கையளவு வெட்டிக்கொண்டால் அட்டை தயார். மையூற்றுப் பேனா, ஜெல் பேனா எழுத்து பனியில் ஊறிக் கரைந்துவிடும். பால்பாயின்ட் அல்லது பென்சில் நல்லது. ரேஷன் கார்டுக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறையில் வைத்தால் கொழுந்து பறிக்கிற ஈரக்கையிலும் தாங்கும். முன்பக்கம் வசன எண்ணும் அது எந்தச் சமயத்துக்கு என்பதும்: "பயம், ஏசாயா 41:10". பின்பக்கம் வசனம். அடியில் ஒரு வரி: இதற்குக் கீழ்ப்படிய இன்று நான் செய்ய வேண்டியது என்ன. இந்த அடிவரியை எழுத முடியவில்லை என்றால் வசனம் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். மறுபடி அதிகாரத்துக்குப் போங்கள்.

முதல் நாள் அதிகாரத்தைச் சத்தமாக இரண்டு முறை வாசியுங்கள். இரண்டாம் நாளிலிருந்து காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் வசன எண்ணை முன்னாலும் பின்னாலும் சேர்த்துச் சொல்லுங்கள். நீளமான வசனத்தை வாலிலிருந்து பிடிக்க வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருவதால், முன்னாலிருந்து படிக்கிறவர் நடுவில் சிக்கி, முடிவுக்கு வரவே மாட்டார். எபேசியர் 6:12-இல் "நமக்குப் போராட்டம் உண்டு" என்பதை முதலில் படியுங்கள். பிறகு அதற்கு முந்தைய துண்டு, பிறகு அதற்கு முந்தையது. ஒவ்வொரு துண்டும் தெரிந்த இடத்தில் போய் முடிவதால் நாக்கு இடறாது. ஏழாம் நாள் வேறொருவரிடம் ஒப்பித்துக் காட்டுங்கள். அடுத்த ஏழு வாரம் வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் மாதத்துக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நீலகிரிப் படுகர்களின் மொழியான படுகு பேசும் வீடுகளில் இன்னொன்றும் செய்யலாம்: தமிழில் படித்தபின், அந்த வசனத்தின் பொருளைப் படுகில் தன் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கிவாரிப்போட்டு எழும் மனது தாய்மொழியில்தான் பேசும்.

தொடக்கத்துக்குப் பன்னிரண்டு வசனம் போதும். பயத்துக்கு ஏசாயா 41:10, சங்கீதம் 4:8. கவலைக்கு 1 பேதுரு 5:7. அதைக் கெர்ச்சிக்கிற சிங்கத்தைப் பற்றிய 8-ஆம் வசனத்தோடு சேர்த்தே படியுங்கள், இரண்டும் அடுத்தடுத்து நிற்பதற்குக் காரணம் உண்டு. சோதனைக்கு 1 கொரிந்தியர் 10:13. கோபத்துக்கு எபேசியர் 4:26, 27. குற்றவுணர்வுக்கு 1 யோவான் 1:9, ரோமர் 8:1. சாபம், சூனியம் பற்றிய பயத்துக்கு நீதிமொழிகள் 26:2, கொலோசெயர் 2:15. பலவீனத்துக்கு 2 கொரிந்தியர் 12:9.

இதில் குற்றவுணர்வைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மலைச் சபைகளில் பேய்பிடித்தல் என்று வருகிறவற்றைவிட, "எனக்கு மன்னிப்பு கிடையாது" என்ற ஒற்றை வாக்கியத்தில் சிக்கியவர்களே எண்ணிக்கையில் அதிகம் என்று நாங்கள் நினைக்கிறோம். வெளிப்படுத்தல் 12:10 பிசாசைச் சகோதரர்மேல் குற்றஞ்சுமத்துகிறவன் என்கிறது. ஆவியானவரும் பாவத்தை உணர்த்துகிறவர்தான். எப்படிப் பிரித்தறிவது? ஆவியானவர் பெயர் சொல்லி உணர்த்துவார்: இன்ன நாள், இன்னாரிடம், இன்ன பொய். சுட்டிக்காட்டி, அறிக்கையிட அழைப்பார். குற்றஞ்சாட்டுகிறவன் மூட்டமாகப் பேசுவான்: நீ எதற்கும் ஆகாதவன், உன் ஜெபம் கூரையைத் தாண்டாது. அவன் பேச்சில் வெளியே வர வழி எதுவும் இருக்காது.

இங்கே வசனத்தின் வரிசை முக்கியம். குறிப்பான பாவம் இருந்தால் முதலில் 1 யோவான் 1:9. பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். எடையில் ஏமாற்றியது, சீட்டுப்பணம், அண்ணன் தம்பி வரப்புத் தகராறு என்று மனிதரோடு தீர்க்க வேண்டியது இருந்தால் மத்தேயு 5:23, 24-இன்படி போய்த் தீர்த்துவிட்டு வாருங்கள். அதன்பின் ரோமர் 8:1. அறிக்கையிட வேண்டியவருக்கு நேரே "ஆக்கினைத்தீர்ப்பில்லை" என்று சொல்லிக்கொடுத்தால், அது புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவது. நான்கு நாளில் சீழ் வைக்கும். அறிக்கையிட்டு முடித்தவரை மறுபடி மறுபடி அறிக்கையிட வைப்பதும் அதே அளவு தப்பு. அவர் ரோமர் 8:1-இல் நிற்கப் பழக வேண்டும்.

அடுத்தது செய்வினை. கோழி முட்டை வாசலில் கிடந்தது, எலுமிச்சை கிடந்தது, தோட்டத்தில் தகடு கிடைத்தது. பயம் நிஜமானது, ஏளனம் செய்யாதீர்கள். நீதிமொழிகள் 26:2-ஐ வாசித்துக் காட்டுங்கள்: அடைக்கலான் குருவி அலைந்துபோவதுபோல, காரணமில்லாமலிட்ட சாபம் தங்காது. மலையில் குருவி வந்து ஓட்டில் ஒரு நொடி உட்கார்ந்து பறந்துபோவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்; அந்த உவமை உடனே உள்ளே இறங்கும். பிறகு கொலோசெயர் 2:13 முதல் 15 வரை: கிறிஸ்து சிலுவையில் துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் வெற்றிகொண்டார். பொருளை நீங்கள் எடுத்து எறியாதீர்கள். எபேசுவில் மாயவித்தைக்காரர் தங்கள் புத்தகங்களைத் தாங்களே கொண்டுவந்து எரித்தார்கள் (அப்போஸ்தலர் 19:19). அந்த வீட்டில் விசுவாசத்துக்கு வராத மாமியாரோ கணவரோ வைத்திருக்கும் பூஜைப் பொருளைத் தொடவே கூடாது. அது அவர்களுடையது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள், அடி வாங்குவது அந்த மருமகளாக இருக்கும்.

"யார் வெச்சிருப்பாங்கன்னு சொல்லுங்கய்யா" என்று கேட்பார்கள். ஒருபோதும் சொல்லாதீர்கள், ஊகிக்காதீர்கள், தரிசனம் கண்டதாகச் சாடை காட்டாதீர்கள். சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தில் குறும்பர் பழங்குடியினர் கொல்லப்பட்ட சம்பவங்கள் 19-ஆம் நூற்றாண்டு நீலகிரியில் பதிவாகியிருக்கின்றன. "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்ற வசனத்தைத் தெரிந்திருந்தும் ஒரு அயலாரைச் சுட்டிக்காட்டுகிற ஜெபக்காரர், எதிரியின் வேலையைத் தன் வாயாலேயே செய்து கொடுக்கிறார். சந்தேகப்படுகிற அந்த நபரின் பெயரைச் சொல்லி ஆசீர்வதித்து ஜெபிக்கச் செய்யுங்கள். முதல் தடவை வார்த்தை வராது. காத்திருங்கள்.

ராத்திரி அழைப்புக்குப் போனால் வேதாகமத்தைத் திறக்கும் முன் ஜன்னலைத் திறங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனியில் கதவு, ஜன்னல், சந்து எல்லாம் துணி அடைத்து, இரும்புச் சட்டியில் கரி மூட்டி உள்ளே வைத்துப் படுக்கிற வீடுகள் நிறைய. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தலை பாரம், குமட்டல், மயக்கம், குழப்பமான பேச்சு. ஒரே அறையில் படுத்த இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வந்தால், வெளிக்காற்றுக்கு வந்ததும் தெளிந்தால், அதுதான். வெளியே கொண்டுவந்து உடனே ஆஸ்பத்திரிக்கு 108-ஐ அழையுங்கள். அந்த அறையில் உட்கார்ந்து ஜெபித்தால் நீங்களும் விழுவீர்கள்.

"அமுக்குது" என்பது வேறு. மல்லாந்து படுத்திருக்கும்போது விழிப்பு வந்து, கைகால் அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல் சில நொடிகள். மூளை விழித்தும் உடல் தூக்கத்தில் கட்டுண்டு கிடக்கிற நிலை அது. தேயிலை பேக்டரியில் இரவு ஷிப்ட் மாறி மாறிப் பார்க்கிறவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் அதிகம் வரும். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள், தூங்கும் நேரத்தைச் சீராக்கச் சொல்லுங்கள், சங்கீதம் 4:8-ஐச் சொல்லிப் படுக்கச் சொல்லுங்கள். மூன்றும் சேர்ந்தே இருக்கட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் உபவாசம் இருந்து நடுங்கி, வியர்த்து, உளறினால் அது சர்க்கரை இறங்கியது. வாயில் விழுங்க முடிகிறவருக்கு உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். குரல் கேட்கிறது, சாக வேண்டும்போல இருக்கிறது என்கிறவரோடு ஜெபியுங்கள், தனியே விடாதீர்கள், 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எந்த ஜெபக்காரருக்கும் இல்லை. சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கமும், தூதன் கொடுத்த அடையும் தண்ணீரும்.

இவ்வளவும் பார்த்தபின் ஜெபத்துக்கு உட்கார்ந்தால், இரண்டு மூன்று பேராக உட்காருங்கள். பாதிக்கப்பட்டவர் பெண் என்றால் குழுவில் பெண் இருந்தே ஆக வேண்டும். அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். மாற்கு 5-இல் முதல் 20 வசனம், அல்லது சங்கீதம் 46. மெதுவாக, சாதாரணக் குரலில் வாசியுங்கள். முடிந்தால் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள், எழுத்து தெரியாதவர் என்றால் துண்டுதுண்டாகச் சொல்லிக்கொடுங்கள். முக்கால் மணிக்கு மேல் போகாதீர்கள். அடிப்பது, முடியைப் பிடிப்பது, மிளகாய்ப் புகை, பேயிடம் பேர் ஊர் கேட்டுக் கதையளப்பது, போனில் படம் எடுப்பது எதுவும் கூடாது. கப்பர்நகூமில் இயேசு சொன்னது ஒரே வரி: "நீ பேசாமல் இவனை விட்டுப் புறப்பட்டுப்போ". சத்தம் கூடக் கூட வல்லமை கூடும் என்று நினைத்தால், ஸ்கேவாவின் ஏழு குமாரர் நாமத்தை உரக்கத்தான் சொல்லியிருப்பார்கள். "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்" என்று பொல்லாத ஆவி கேட்ட கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை (அப்போஸ்தலர் 19).

ஜெபித்துவிட்டு வந்துவிடுவதால்தான் பாதி வீடுகளில் அது திரும்பி வருகிறது. மத்தேயு 12-இல் அசுத்த ஆவி திரும்பி வந்தபோது, பெருக்கி ஜோடித்த வீடு வெறுமையாக இருந்தது. மாற்குவில் 16 அதிகாரம். நாளுக்கு ஒன்றாகப் பதினாறு நாள் அந்த வீட்டில் வாசிக்கட்டும். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் நேரில் போங்கள், டீ குடியுங்கள், எந்த அதிகாரத்தில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். லூக்கா 4:13-இல் பிசாசானவன் "சிலகாலம்" விலகிப்போனான் என்று இருக்கிறது. சம்பள நாள், டாஸ்மாக் திறக்கிற நேரம், கன்வென்ஷன் முடிந்து உடம்பு தளர்ந்த வாரம், ஒரு சாவு வீடு. ஒவ்வொருவருக்கும் அந்தக் காலம் எப்போது திரும்பும் என்பது இரண்டு மூன்று மாதம் குறித்துவைத்தால் தெரிந்துவிடும். அந்த நாளுக்கு முந்தின மாலையே அட்டையை எடுத்து மேல்சட்டைப் பையில் வையுங்கள்.

ஒன்றும் கேட்காத நாட்களும் உண்டு. ஆடி மாத மூடுபனியில் நாலு நாள் எதிர்வீடு தெரியாதபோது, பன்னிரண்டு வசனமும் வாயில் மரத்துப்போகும். அப்படிப்பட்டவருக்கு ஏசாயா 41:10-ஐ இன்னொரு முறை சொல்லி நிமிர்ந்து நில் என்று தட்டாதீர்கள். சங்கீதம் 88-ஐ எடுங்கள். கடைசி வரிவரை வெளிச்சம் வராத சங்கீதம் அது. ஆனாலும் கர்த்தரைப் பார்த்தே பேசுகிறது. அவரால் அதையும் வாசிக்க முடியாவிட்டால் நீங்கள் வாசியுங்கள். பவுல் சொன்ன கேடகம் கதவளவு பெரியது. ரோமப் படையில் கேடகங்களைச் சேர்த்துப் பிடித்தபோது ஒருவன் கேடகம் பக்கத்தில் நிற்பவனையும் மறைத்தது. நேரில் போக முடியாத மழை என்றால் போனில் அந்த 18 வசனங்களையும் நிதானமாக வாசித்து, "நாளைக்கு இதே நேரத்துக்குக் கூப்பிடுறேன் அக்கா" என்று சொல்லி வைத்துவிடுங்கள். மறுநாள் அதே நேரத்துக்குக் கூப்பிடுங்கள்.